கால்நடை மருத்துவமா, வேளாண்மையா, இன்னொரு வருடம் நீட்டா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் ஆரம்பித்துக் கவுன்சலிங் முடியும்வரை என்னைப் போன்ற மாட்டு டாக்டர்களுக்கு வரும் போன்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். "கட் ஆஃப் நல்லா இருக்கு சார். வெட்னரி கிடைக்கும்போல, அக்ரியும் கிடைக்கும். பொண்ணு இன்னொரு வருசம் நீட் எழுதறேங்கறா. எதுல போடலாம்? வெட்னரி ரொம்பக் கஷ்டமாமே?"

கஷ்டம்தான். மற்ற இரண்டும் சுலபம் என்றும் சொல்ல முடியாது. என் பார்வையில், இந்தப் படிப்புகளுக்குள் உள்ள பெரிய வித்தியாசம் பாரம் எப்போது வந்து விழுகிறது என்பதுதான். கால்நடை மருத்துவம் முதல் மாதத்திலேயே தோளில் ஏற்றிவிடுகிறது. வேளாண்மையில் நான்கு வருடமும் ஓரளவு மூச்சு விடலாம். பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் உண்மையான போட்டி தொடங்கும். நீட்டுக்காக ஒரு வருடம் உட்கார்வதில் பாரம் முழுக்க அந்த ஒரே நாள் தேர்வின்மீது இருக்கிறது. எது தாங்கும் என்பது ஆளைப் பொறுத்தது.

முதலில் சேர்க்கை விஷயம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், அதாவது தனுவாஸ், மாநில ஒதுக்கீட்டு இடங்களை பிளஸ் டூ மதிப்பெண்ணை 200-க்குக் கணக்கிட்டு வரும் கட் ஆஃப் வைத்துத்தான் நிரப்புகிறது. நீட் வேண்டாம். அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும் 15 சதவீத இடங்களுக்கு மட்டும்தான் நீட் மதிப்பெண் வேண்டும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. வேப்பேரியில் இருக்கும், 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி, 1985-இல் வந்த நாமக்கல், 2012-இல் வந்த திருநெல்வேலி, ஒரத்தநாடு, அதற்கும் பின்னால் வந்த தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி என ஏழு அரசுக் கல்லூரிகள். எல்லாவற்றிலும் சேர்த்தே அறுநூற்றுச் சொச்சம் இடங்கள்தான். கட் ஆஃப் அவ்வளவு மேலே நிற்பதற்கு இதுதான் காரணம்.

கால்நடை மருத்துவப் பட்டமான பி.வி.எஸ்சி. ஐந்தரை வருடப் படிப்பு. நாலரை வருடம் வகுப்பு, ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். காலக் கணக்கில் எம்.பி.பி.எஸ்-க்குச் சமம். கேட்டவுடனேயே சில அப்பாக்களின் முகம் மாறும். "அவ்வளவு வருசம் மாட்டுக்கா?" என்று ஒருவர் கேட்டேவிட்டார்.

மாட்டுக்கு மட்டும் என்றால் இவ்வளவு வருடம் ஆகாது. முதல் வருட உடற்கூறியலையே எடுத்துக்கொள்வோம். எம்.பி.பி.எஸ். மாணவனுக்கு ஒரே ஓர் உடம்பு. அதை ஆழமாகப் படிக்கிறான். எங்களுக்கு மாடுதான் அடிப்படை. அதைத் தலை முதல் வால் வரை படித்துவிட்டு, குதிரையில் இது எப்படி, பன்றியில் எப்படி, நாயில் எப்படி, கோழியில் எப்படி என்று ஒவ்வொன்றாக வேறுபடுத்திப் படிக்க வேண்டும். மாட்டுக்கு விலா எலும்பு 13 ஜோடி, குதிரைக்கு 18. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. குதிரைக்குப் பித்தப்பை கிடையாது. மாட்டுக்கு நாலு அறை வயிறு; கோழிக்கு வயிற்றோடு அரைவைப்பை தனி. இதெல்லாம் ஒரு தகவலாகக் கேட்க நன்றாகத்தான் இருக்கும். தேர்வறையில் வரிசையாக மேசை போட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் எலும்பையோ உறுப்பையோ வைத்து, மணி அடிக்க அடிக்க அடுத்த மேசைக்கு நகரச் சொல்லும்போதுதான் தெரியும். ஸ்பாட்டர் என்பார்கள். கையில் இருப்பது எந்தப் பிராணியின் தொடை எலும்பு, இடதா வலதா, அதில் ஊசி குத்திக் காட்டிய பள்ளத்தில் எந்தத் தசை வந்து ஒட்டுகிறது என்று எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

அதே வருடத்தில் உடலியங்கியல், உயிர்வேதியியல், அப்புறம் கால்நடை உற்பத்தி மேலாண்மை. கடைசியாகச் சொன்னது புத்தகத்தைவிடப் பண்ணையில்தான் அதிகம் நடக்கும். விடிவதற்குள் எழுந்து, கம்பூட் மாட்டிக்கொண்டு, பால் கறக்கும் நேரத்துக்குக் கொட்டகையில் நிற்க வேண்டும். சாணி அள்ளுவது, தீவனம் நிறுப்பது, கன்றுக்குப் பால் காட்டுவது எல்லாம் உண்டு. முடித்துவிட்டு ஓடிவந்து குளித்தும் குளிக்காமலும் முதல் வகுப்புக்குப் போய் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவனும் அதே வாசனையில்தான் இருப்பான் என்பது ஒரு ஆறுதல். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள். கட் அடித்துவிட்டு நோட்ஸ் வாங்கிப் பாஸ் செய்யும் வித்தை இங்கே செல்லாது.

கிராமத்தில் மாடு வளர்த்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு சின்ன சலுகை இருக்கிறது. மாடு பக்கவாட்டில் உதைக்கும், குதிரை நேராகப் பின்னால் உதைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மாட்டைப் பொறுத்தவரையாவது தெரியும். ஒரே ஒரு நீளக் கயிற்றை வைத்து மாட்டைப் படுக்க வைக்கும் ரியூஃப் முறையைக் காட்டும்போது, ஊர்ப் பையன் முடிச்சைப் போட்டு முடித்திருப்பான். நகரத்துப் பிள்ளை இன்னும் கயிற்றின் நுனியைத் தேடிக்கொண்டிருக்கும். ஆனால் ஊர்ப் பையனுக்கு ஆங்கிலப் பாடப் புத்தகம் முதல் ஆறு மாதம் கண்ணைக் கட்டும். ஆளுக்கு ஒரு பக்கம் இடிக்கும். ஹாஸ்டலில் இருவரும் சேர்ந்து படித்தால் சரியாகிவிடும், பெரும்பாலும்.

அடுத்தடுத்த வருடங்களில் நுண்ணுயிரியல், ஒட்டுண்ணியியல், நோய்க்கூறியல், மரபியல், தீவனவியல், மருந்தியல், பொதுச் சுகாதாரம், இறைச்சி பால் பதப்படுத்துதல் என்று போகும். இவற்றில் பலரைக் கவிழ்ப்பது மருந்தியல். காரணம் பழைய காரணமேதான்: பிராணிக்குப் பிராணி கணக்கு மாறும். சைலசின் என்று ஒரு மயக்க மருந்து. குதிரைக்குக் கொடுக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கு போட்டாலே மாடு படுத்துவிடும். இரண்டையும் மாற்றி எழுதினால் விடைத்தாளில் மதிப்பெண் போகும், களத்தில் மாடு போகும். நாமெல்லாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலை முறித்து வெளியேற்றும் திறன் பூனைக்கு இல்லை. ஒரு மாத்திரையே உயிரை வாங்கிவிடும். ஆண்டிபயாட்டிக் ஊசி போட்டால் எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்பதையும் சேர்த்து மனப்பாடம் செய்ய வேண்டும். மாட்டுக்கு வலி மருந்தாகப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற கழுகுகளைக் கூண்டோடு அழித்ததால் 2006-இல் கால்நடைக்குத் தடை செய்யப்பட்டது. ஒரு மருந்துக்குப் பின்னால் இத்தனை பிராணிகள் நிற்கின்றன.

தேர்வு முறை ஆண்டு முறை. ஒரு பாடத்தில் தவறினால் துணைத் தேர்வு உண்டு. அதிலும் கோட்டை விட்டால் ஜூனியர்களோடு உட்கார நேரலாம். நான் பார்த்தவரை, நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் இந்தப் படிப்பில் தடுக்கி விழுவது அறிவுக் குறைவால் அல்ல. பள்ளியில் தேர்வுக்கு முந்தைய மாதம் உட்கார்ந்து அடித்துப் பிடித்து மார்க் வாங்கிய பழக்கம் இங்கே உதவாது என்பதைத் தாமதமாகப் புரிந்துகொள்வதால்தான்.

கடைசி ஒன்றரை வருடம் மருத்துவமனை. மருத்துவம், அறுவை, சினை சம்பந்தமான பாடங்கள். இங்கே புத்தகப் பாரம் போய் உடம்புப் பாரம் வருகிறது. சினைப் பரிசோதனையைச் சொன்னால் விளங்கும். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, நகத்தை ஒட்ட வெட்டி, தோள்வரை வரும் பிளாஸ்டிக் கையுறையை மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவி, மலக்குடல் வழியாகக் கை விட வேண்டும். முதலில் கைக்குக் கிடைப்பது சாணி மட்டும்தான். அதை வழித்து வெளியே போட்டுவிட்டு மறுபடி உள்ளே போனால் மாடு முக்கும். முழங்கைக்குக் கீழே மரத்துப்போகும். அந்த மரத்த விரலால், குடல் சுவருக்கு அப்பால் இருக்கும் கருப்பையைத் தேடி, அதன் இரண்டு கிளைகளில் (கொம்பு என்போம்) எது பெரிதாக இருக்கிறது, உள்ளே நீர் ததும்புகிறதா, சவ்வு விரலிடுக்கில் நழுவுகிறதா என்று பார்க்க வேண்டும். பின்னால் நிற்கும் பேராசிரியர் "என்னப்பா தெரியுது?" என்பார். ஒன்றும் தெரியாது. பல மாடு பார்த்த பிறகு ஒரு நாள் தெரியும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது, யூடியூப் கிடையாது.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்த இடத்தில் கட்டாயம் ஒரு கேள்வி கேட்பார்கள். இன்றைக்கு வகுப்பில் பெண்கள் நிறையப் பேர். மாட்டோடு மல்லுக்கட்டி ஜெயிப்பது ஆணுக்கும் நடக்காது; நானூறு கிலோ அது. கயிறு, கிட்டி, மயக்க மருந்து, கூட இரண்டு ஆள் என்று முறை தெரிந்தால் போதும். கன்று கோணலாகத் திரும்பிக் கிடக்கும்போது சின்னக் கை உள்ளவர்கள் சுலபமாகச் சரிசெய்வதை நானே பார்த்திருக்கிறேன். நோய்த் தொற்று விஷயத்தில்தான் ஆண் பெண் இருவருக்கும் கவனம் வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளாமல் நாய் வார்டுக்குள் கால் வைக்கக் கூடாது. கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொட்டால் புருசெல்லா என்ற கிருமி தொற்றலாம்.

மனப் பாரம் ஒன்று இருக்கிறது; சிலபஸில் அது இல்லை. மனித மருத்துவத்தில் "எவ்வளவு செலவானாலும் காப்பாத்துங்க" என்பார்கள். இங்கே மாட்டின் விலை என்ன, வைத்தியச் செலவு என்ன என்ற கணக்கு எப்போதும் நடுவில் நிற்கும். வைத்தியம் தெரிந்தும், மருந்து இருந்தும், "விட்டுருங்க சார்" என்று சொல்லிவிட்டு ஓட்டிப் போவார்கள். வீட்டு நாய்க்குக் கருணைக்கொலை ஊசி போட வேண்டிய நாள்களும் வரும். இருபத்திரண்டு வயதில் இதற்கெல்லாம் பழக வேண்டும். சிலர் பழகுவதில்லை; அவர்கள் ஆராய்ச்சி, மருந்துக் கம்பெனி, கோழித் தீவனம் என்று பக்கவாட்டில் நகர்ந்துவிடுவார்கள். அதிலும் தப்பில்லை.

வேளாண்மைக்கு வருவோம். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் அதன் உறுப்பு, இணைப்புக் கல்லூரிகளும் நடத்தும் பி.எஸ்சி. ஹானர்ஸ் நான்கு வருடம், செமஸ்டர் முறை. உழவியல், மண்ணியல், பூச்சியியல், பயிர் நோயியல், தோட்டக்கலை, பொருளியல், விரிவாக்கம் என்று பாடங்கள் எண்ணிக்கையில் அதிகம். ஆனால் ஒவ்வொன்றும் சின்னது. ஒரு செமஸ்டரில் முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளலாம். காலையில் வயலுக்குப் போக வேண்டும், ஒதுக்கிய பாத்தியில் பயிர் வைத்து அறுவடை வரை பார்க்க வேண்டும், கடைசி வருடத்தில் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்ய வேண்டும். வெயில் உண்டு. ஆனால் பயிர் உதைக்காது, ராத்திரி இரண்டு மணிக்குக் கன்று போடாது. பாட்டு, விளையாட்டு, போட்டித் தேர்வுத் தயாரிப்பு எல்லாவற்றுக்கும் அங்கே நேரம் மிஞ்சும். குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் வேளாண் பட்டதாரிகள் இவ்வளவு பேர் இருப்பதற்கு அந்த நேரமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பட்டம் வாங்கியபின் நிலைமை தலைகீழ். தனியார் வேளாண் கல்லூரிகள் பெருகிவிட்டன. வருடாவருடம் வெளியே வருபவர்கள் கால்நடை மருத்துவர்களைவிடப் பல மடங்கு. வேளாண் அலுவலர் பணியிடம், வங்கி வேளாண் அலுவலர் தேர்வு, விதை உரக் கம்பெனிகள், மேற்படிப்பு உதவித்தொகைக்கான ஜே.ஆர்.எஃப். தேர்வு என எல்லாவற்றிலும் பெரிய கூட்டத்தோடு முட்டி மோத வேண்டும். தனியாகப் போர்டு மாட்டி உட்காரும் தொழிலும் அல்ல. பி.வி.எஸ்சி. முடித்தவனுக்குக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு எண் கிடைக்கிறது. 1984-ஆம் வருடச் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் வைத்தியம் பார்க்கலாம். அரசு வேலைக்கான கால்நடை உதவி மருத்துவர் தேர்வு வருடம் தவறாமல் வருவதில்லை, அதை நம்பி மட்டும் உட்கார முடியாது. ஆனால் காத்திருக்கும் காலத்தில் பைக்கில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாலும் சாப்பாட்டுக்கு வழி உண்டு. நகரத்தில் நாய் பூனை மருத்துவமனை, நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணை, பால் நிறுவனங்கள், ராணுவத்தின் கால்நடைப் பிரிவு என்று கதவுகள் பல. படிக்கும்போது பட்ட பாட்டுக்கு இங்கே கொஞ்சம் வட்டி கிடைக்கிறது.

அதே தனுவாஸில் உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம், கோழியினத் தொழில்நுட்பம் என்று நான்கு வருட பி.டெக். படிப்புகளும் உண்டு. பொறியியல் நாட்டம் உள்ளவர்களுக்கு நல்ல படிப்புகள். ஆனால் வைத்தியம் பார்க்க முடியாது. பி.வி.எஸ்சி. கிடைக்கவில்லையே என்று அதில் சேர்ந்துவிட்டு நாலு வருடம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதானால் வேண்டாம். பல் மருத்துவம் நீட் வழியாகத்தான், நாலு வருடமும் ஒரு வருட இன்டர்ன்ஷிப்பும். அரசுக் கல்லூரி என்றால் யோசிக்கலாம், தனியார் கட்டணம் கட்டி முடித்துவிட்டு கிளினிக் வைக்க இன்னொரு கடன் வாங்கும் குடும்பங்களைப் பார்த்தபின் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இப்போது நீட். எம்.பி.பி.எஸ்-தான் வேண்டும் என்று உள்ளுக்குள் உறுதியாக இருக்கும் பிள்ளையை "சும்மா வெட்னரியில சேரு, படிச்சுக்கிட்டே நீட் எழுதலாம்" என்று அனுப்புவது நான் பார்த்ததிலேயே மோசமான ஏற்பாடு. காலைப் பண்ணை, பகல் வகுப்பு, சாயங்கால எலும்புக் கூடம், இரவில் நீட் பயிற்சிப் புத்தகம் என்று ஓடி, இரண்டிலும் அரைகுறையாக நின்றவர்களை எனக்குத் தெரியும். நீட் கிடைத்து விலகினாலும் ஓர் இடம் வீணாகிறது. கிடைக்காமல் போனால் முதல் வருடத்தின் பாக்கியோடு, பக்கத்து இருக்கைக்காரர்களைவிடப் பின்தங்கி, வெறுப்போடு படிக்க வேண்டியிருக்கும். மதிப்பெண் எல்லைக்கு மிக அருகில் வந்து நின்றுவிட்டது, வீட்டில் ஒரு வருடத்தைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்றால் முழுசாக அந்த ஒரு வருடத்தைக் கொடுங்கள். எல்லைக்கு வெகு தூரத்தில் இருந்தால் இன்னொரு வருடத்தில் அந்தத் தூரம் குறையும் என்று கோச்சிங் சென்டர்தான் சொல்லும்.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. ரத்தம், சாணி, சீழ் பார்த்து முகம் சுளித்தாலும் மறுபடி எட்டிப் பார்க்கிற பிள்ளையா, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கிற பழக்கம் இருக்கிறதா, ஐந்தரை வருடம் வீட்டில் வருமானம் எதிர்பார்க்காமல் இருக்க முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் கால்நடை மருத்துவத்தைத் தயங்காமல் எடுக்கலாம். ஐ.ஏ.எஸ்., வங்கி, சொந்த நிலம், மேற்படிப்புக்கு வெளிநாடு என்று மனம் இருந்தால் வேளாண்மை; படிப்பின்போது கிடைக்கும் நேரத்தை இரண்டாம் வருடத்திலிருந்தே பயன்படுத்தத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அந்த நேரம் கேன்டீனில் போய்விடும். வீட்டுக்குச் சீக்கிரம் சம்பளம் வர வேண்டும் என்ற நெருக்கடி இருந்தாலும் நாலு வருடப் படிப்பின் பக்கம்தான் நான் சாய்வேன்.

கால்நடை மருத்துவம் என்று முடிவானபின் எந்தக் கல்லூரி என்பதும் வேலைப் பளுவை மாற்றும். வேப்பேரி மருத்துவமனைக்கு நாயும் பூனையும் கூட்டம் கூட்டமாக வரும். செல்லப்பிராணி வைத்தியத்தில் ஆசை உள்ளவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. நாமக்கல்லில் கோழி. ஒரத்தநாடு, திருநெல்வேலி, தேனி மாதிரி இடங்களில் சுற்றுக் கிராமத்து ஆடு மாடு. சென்னையில் ஹாஸ்டலுக்கு வெளியே கவனம் சிதற ஆயிரம் இருக்கிறது. மற்ற ஊர்களில் சிதறடிக்க நண்பர்கள் மட்டும்தான்.

இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், கவுன்சலிங் தேதிகளும் வேறு வேறு. ஒன்றில் சேர்ந்து கட்டணம் கட்டிய பிறகு மற்றதில் அழைப்பு வரும் குழப்பம் ஒவ்வொரு வருடமும் யாருக்காவது நடக்கிறது. அதனால் இரண்டிலும் இடம் கிடைத்தால் எது என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள். பேசுவதற்கு முன் பிள்ளையை ஒரு நாள் காலையில் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு அனுப்பி, மதியம் வரை அங்கேயே நிற்கச் சொல்லுங்கள். டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொண்டு அனுப்புங்கள். பெரும்பாலும் யாரும் மறுக்கமாட்டார்கள், ஒரு மாட்டைப் பிடிக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான்.